சப்ளை ரிவ்யூ

அந்த அலுவலகத்தில் தனியாக உட்காருவதற்குக்கூட இரண்டு பேர் வேண்டும். சிரிக்க வேண்டாம், விதி அப்படி. ஏதோ ஒரு காலத்தில் ஒரு புண்ணியவான் மீட்டிங் அறையைத் தன் பெயரில் பதிவு செய்து, நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, நிம்மதியாகத் தூங்கியிருக்கிறான். நிர்வாகம் அவனை ஒன்றும் செய்யவில்லை. கம்ப்யூட்டரில் ஒரு விதியைப் போட்டுவிட்டுப் போய்விட்டது. அன்றிலிருந்து எந்த அறையைக் கேட்டாலும், "கூட யார்?" என்று அது கேட்கும். இன்னொரு பெயர் கொடுக்காவிட்டால் அறை கிடையாது.

குழந்தை பிறந்து, விடுப்பு முடிந்து, வேலைக்குத் திரும்பியவளுக்கு முதல் நாளே இந்த விதி குறுக்கே வந்து நின்றது. அவள் கேட்டது நான்காம் மாடிக் கோடியில் இருந்த 'அமைதி அறை'யை. பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். பழைய பிரின்டர்களைப் போட்டு வைத்திருந்த இடம் அது. இப்போது ஒரு நாற்காலி, கை கழுவ ஒரு தொட்டி, முழங்கால் உயரத்துக்கு ஒரு ஃபிரிட்ஜ். ஆனால் கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தது, பால் எடுக்கும் மெஷினைச் சொருக ஒரு பிளக் இருந்தது. தினமும் மதியம் பன்னிரண்டரைக்கு அரை மணி நேரம் கிடைத்தால் அவளுக்குப் போதும்.

மனிதவளப் பிரிவில் போய், "எனக்கு இப்படி, ஒரு ஏற்பாடு பண்ணுங்க" என்று கேட்டிருக்கலாமே என்று தோன்றும். கேட்டிருக்கலாம்தான். பேக்கிங் பிரிவில் ஒருத்தி அப்படித்தான் கேட்டாள். எல்லோரும் உருகிப்போனார்கள். பாவம், கைக்குழந்தைக்காரி என்று முதலில் பயணங்களைக் குறைத்தார்கள், பிறகு கூட்டங்களைக் குறைத்தார்கள், பிறகு வேலையையே குறைத்தார்கள். கெட்டிக்காரி என்று பெயரெடுத்தவள், ஒரே வருடத்தில் கூட்டங்களுக்கு நாற்காலி சொல்லி அனுப்புகிற இடத்துக்கு வந்து சேர்ந்தாள். யாரும் அவளைத் தள்ளவில்லை. அன்பாகக் கையைப் பிடித்து ஓரமாக உட்கார வைத்தார்கள், அவ்வளவுதான்.

அதனால்தான் இவள் வாயைத் திறக்கவில்லை. இவளுக்கு இழக்க ஒன்று இருந்தது. மருந்துகளைக் கிடங்குகளில் வைத்திருந்து கடைகளுக்கு அனுப்பும் பெரிய கம்பெனி அது. எந்த இடத்தில் எந்த மருந்து எப்போது தீரும் என்று முன்கூட்டியே கணித்து லாரிகளைக் கிளப்புவது அவள் பிரிவின் வேலை. ஒவ்வொரு கிடங்கும் தன் இஷ்டத்துக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததை மாற்றி, எல்லாவற்றையும் ஒரே கணிப்பின் கீழ் கொண்டுவரும் திட்டம் அவள் மூளையில் பிறந்தது. வயிற்றில் பிள்ளையும் தலையில் திட்டமுமாகத்தான் அவள் போன வருடம் முழுக்க நடந்தாள். அந்தத் திட்டத்துக்குத் தலைமை யார் என்று இன்னும் சில மாதங்களில் சொல்லப் போகிறார்கள். அது தனக்கு வர வேண்டும். அலுவலகத்தில் அவளுக்கு இருந்த ஒரே ஆசை அதுதான், அதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை. பாலை மட்டும்தான் மறைத்தாள்.

கம்ப்யூட்டர் கூட்டத்துக்குத் தலைப்பு கேட்டது. கொஞ்சம் யோசித்து, 'சப்ளை ரிவ்யூ' என்று அடித்தாள். அடித்துவிட்டுத் தானே சிரித்துக்கொண்டாள். மருந்து சப்ளை செய்யும் கம்பெனியில் இதைவிடச் சந்தேகம் வராத தலைப்பு கிடைக்குமா?

அடுத்து, கூட யார்? தன் பிரிவில் யாரைப் போட்டாலும் என்ன ஏது என்று குடைவார்கள். எதிர்க் கட்டடத்தின் கணக்குப் பிரிவுப் பட்டியலைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெண்ணின் பெயரைத் தொட்டாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அந்த அம்மாள் ஒப்புக்கொண்டதாகப் பதில் வந்துவிட்டது. பெரிய கம்பெனிகளில் இதுதான் வசதி. எதற்கு என்று தெரியாமலே எல்லோரும் எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொள்வார்கள்.

அந்த வாரக் கடைசியில் போன் வந்தது.

"யாரும்மா நீ? தினமும் பன்னண்டரைக்கு சப்ளை ரிவ்யூன்னு வருது, நானும் சரி சரின்னு அமுக்கிட்டிருக்கேன். எங்க வரணும், எதை எடுத்துட்டு வரணும், ஒண்ணும் போடலையே?"

அவள் பொய் சொல்ல வாயெடுத்தாள், வரவில்லை. "அக்கா, நீங்க வரவே வேண்டாம்" என்று ஆரம்பித்து, தட்டுத் தடுமாறி எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

அக்கா திட்டப் போகிறாள் என்று நினைத்தாள். சிரிப்புதான் வந்தது, நல்ல வாய்விட்ட சிரிப்பு.

"அட இவளே! நான் என்னவோ ஏதோன்னு பயந்துட்டேன். தயவுபண்ணி அதை எடுத்துடாதே. மீட்டிங்ல இருக்கேன்னு நெனச்சுக்கிட்டு ஒருத்தரும் என்னைக் கூப்பிடறதில்ல. இந்த வாரம்தான் சாப்பாட்டைச் சூடா சாப்பிடறேன். நீ பால் எடு, நான் சோறு சாப்பிடறேன். ஆயுசுக்கும் போட்டு வை."

அன்றிலிருந்து தினமும் பன்னிரண்டரைக்கு அக்காவிடமிருந்து ஒரு செய்தி வரும். "உக்காந்தாச்சா?" இவள் ஒரு கையால், "ஆச்சுக்கா, நீங்க?" என்று அடிப்பாள். "நானும் ஆச்சு." அவ்வளவுதான் பேச்சு. முகம் பார்த்ததில்லை. அந்தப் பெரிய கட்டடத்தில் அவள் எங்கே இருக்கிறாள், என்ன செய்கிறாள் என்று உள்ளபடி தெரிந்த ஒரே ஜீவன் அந்த அக்காதான்.

வீட்டிலும் பேச ஆள் கிடையாது. கணவன் வேறு ஊரில் வேலை, சனிக்கிழமை வந்து ஞாயிறு இரவு கிளம்பிவிடுவான். நல்லவன்தான், வந்தால் பாத்திரம் தேய்ப்பான், துணி மடிப்பான். ஆனால் நல்லவனாக இருப்பதற்கு வாரத்தில் இரண்டு நாள்தான் அவனுக்கு வாய்த்தது. மற்ற நாட்களில் அவளும் குழந்தையும் சுவரும்தான். காலையில் குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு, கறுப்புப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸைப் பிடிப்பாள். பையைப் பார்த்தவர்கள், "வீட்டுச் சாப்பாடா?" என்று கேட்பார்கள். "ஆமா" என்பாள். அது முழுப் பொய்யும் இல்லை.

குழந்தை முதன்முதலாகக் குப்புற விழுந்ததைப் பார்த்தது காப்பகத்து அம்மாள். முதல் பல் முளைத்ததைப் பார்த்ததும் அவள்தான். "வாயத் தொறந்து காட்டுடா தங்கம், அம்மாக்கு அனுப்புவோம்" என்று வீடியோ எடுத்து அனுப்பினாள். இவள் அதை அமைதி அறையில், மெஷின் கரகரவென்று இழுத்துக்கொண்டிருக்க, திரும்பத் திரும்பப் பார்த்தாள். வயிறு எரிந்தது. அந்த அம்மாள் மேல் ஒரு கோபமும் இல்லை, அவள் தங்கமான மனுஷி. ஆனால் பிள்ளைக்குச் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் வேறு யாராலாவது செய்துவிட முடிகிறதே என்று இருந்தது. பால் ஒன்றுதான் வேறு யாராலும் கொடுக்க முடியாதது. அதை மட்டும் விடுவதில்லை என்று வைராக்கியமாக இருந்தாள்.

அலுவலகத்தில் காலி இடம் காலியாக இருந்தால் யாருக்கும் பொறுக்காது, மூடிய கதவும் அப்படித்தான். அவள் பிரிவிலேயே ஒருவன் இருந்தான். பேர் என்னவோ, எல்லோரும் கூப்பிடுவது முந்திரி. மேலாளர் கேள்வியை முடிப்பதற்குள் பதிலோடு எழுந்து நிற்கிற முந்திரிக்கொட்டை. கெட்டவன் என்று சொல்ல முடியாது. தனக்குத் தெரியாமல் எங்கும் ஏதும் நடந்துவிடக் கூடாது, அந்த ஒரு வியாதிதான். அவன் ஒரு நாள் அவள் நாட்காட்டியைப் பார்த்துவிட்டான்.

"மேடம், அது என்ன தினமும் சப்ளை ரிவ்யூ? எனக்கு வரலையே!"

"அது சின்ன விஷயம்ப்பா. உனக்குத் தேவைப்படாது."

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஒரு கூட்டம் தேவைப்படாது என்று ஒருவனிடம் சொல்வது, பந்தியில் உனக்கு இலை இல்லை என்று சொல்வதற்குச் சமம். தினமும் நடக்கிறது, அரை மணி நேரம் கதவு சாத்தியிருக்கிறது, கூட இருப்பது கணக்குப் பிரிவு ஆள். முந்திரி ஒன்றும் ஒன்றும் சேர்த்து பதினொன்று என்று கணக்குப் போட்டான். கிடங்கில் ஏதோ சரக்கு குறைகிறது, ரகசியத் தணிக்கை நடக்கிறது என்று தண்ணீர்க் குழாயடியில் பேச்சு கிளம்பியது. அந்த வாரமே நாலு பேர் அவளிடம் வந்து, "என்னையும் சேத்துக்கங்களேன்" என்று கெஞ்சினார்கள். கதவுக்கு வெளியே காலடிகள் வந்து நின்று போயின. உள்ளே அவளுக்குப் பால் சரியாக இறங்கவில்லை. அது மிரட்டினால் வருகிற சரக்கு இல்லை. காப்பகத்து அம்மாள், "இன்னிக்குப் பத்தலம்மா, பால் மாவு கலந்து குடுத்தேன்" என்றபோது, அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு, பஸ் நிறுத்தத்தில் நின்று அழுதாள்.

திட்டத்துக்குத் தலைமையை முடிவு செய்கிற கூட்டம் வந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து இயக்குநர் வந்திருந்தார். பக்கத்தில் அவர்கள் மேலாளர். அவருக்கு ஊழியர்கள் வைத்திருந்த பெயர் 'பாத்துக்கலாம் சார்'. எதைக் கொண்டுபோனாலும், "பாத்துக்கலாம், பாத்துக்கலாம்" என்பார். யார் மனமும் நோகாமல் எதையும் செய்யாமல் இருக்கத் தெரிந்த மனிதர்.

அவள் எழுந்து நின்று திட்டத்தை விளக்கினாள். காகிதம் பார்க்காமல், தண்ணீர் குடிக்காமல், எந்தக் கேள்விக்கும் திணறாமல் பேசினாள். இயக்குநர் இரண்டு தடவை தலையாட்டினார். அவளுக்கு உள்ளே குளிர்ந்தது. கைக்கு எட்டிவிட்டது என்றே நினைத்தாள்.

"ரொம்ப நல்லா இருக்கு" என்றார் இயக்குநர். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். தினமும் ஒரு சப்ளை ரிவ்யூ நடத்தறீங்களாமே? கணக்குப் பிரிவோட? ஏதாவது குறையுதுன்னா எங்களுக்கு முதல்ல தெரிய வேண்டாமா?"

அறை முழுக்க அவளைப் பார்த்தது. முந்திரி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அது... வழக்கமான ஒண்ணுதான் சார்."

"அப்போ அந்த அம்மாவையும் கூப்பிடுங்க. அவங்க கிட்டயே கேட்டுருவோம்." மேலாளர் போனை எடுத்துவிட்டார்.

பொய் அவளிடம் தயாராக இருந்தது. குளிர்பதன மருந்துகளின் கையிருப்பு, அது இது என்று அடுக்கியிருக்கலாம். ஆனால் எதிர்க் கட்டடத்தில் நிம்மதியாகச் சோறு தின்றுகொண்டிருக்கிற ஒருத்தியை இழுத்து வந்து, இந்த மேஜை முன்னால் நிறுத்தி, என்ன ரிவ்யூ என்று கேட்பார்கள். அவள் என்ன சொல்வாள்? மாட்டிக்கொள்வாள்.

"வேண்டாம் சார், அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள். "அது மருந்து சப்ளை இல்ல சார். என் பால். என் குழந்தைக்கு எடுத்து வைக்கிறேன். ரெண்டு பேர் இல்லாம ரூம் குடுக்க மாட்டேங்குது, அதான்."

முந்திரி முதல் தடவையாகத் தரையைப் பார்த்தான். யாரோ பேனாவைத் திறந்து மூடினார்கள். காது வரை சூடேறி நின்றாள் அவள். இத்தனை ஆண்களுக்கு நடுவே ரவிக்கை கிழிந்து நின்றால்கூட இவ்வளவு கூசியிருக்காது.

பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் நல்லவர்களாகிவிட்டார்கள். அதைத்தான் சொல்ல வேண்டும்.

"ஐயோ, இதை முன்னாடியே சொல்லக் கூடாதா? எங்களுக்கும் வீட்ல பிள்ளைகுட்டி இருக்கும்மா" என்றார் இயக்குநர், கண் கலங்க. நடிப்பில்லை, நிஜமாகவே கலங்கியது. மறுநாளே கம்ப்யூட்டர் விதி அவளுக்காகத் தளர்ந்தது. இனி இரண்டாவது ஆள் வேண்டாம், முன்பதிவும் வேண்டாம், அமைதி அறை முழு நேரமும் அவளுடையது. அங்கே மெத்தை தைத்த நாற்காலி வந்தது. சுவரில் தாயும் சேயும் படம் வந்தது. கம்பெனி இதழுக்குப் படம் பிடிக்க வேண்டும், பாட்டிலோடு நிற்க முடியுமா என்று மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்து கேட்டாள். முடியாது என்றதும், "பாட்டில் இல்லாமலும் ஓகேதான்" என்றாள்.

அக்கா போன் செய்தாள். "என் சாப்பாட்டுல மண்ண போட்டுட்டாங்கடி. உன் கூட்டத்துல இருந்து என் பேரை எடுத்ததும், மேல இருக்கறவர் பாத்துட்டார். அதே பன்னண்டரைக்கு எனக்கு இன்னொரு மீட்டிங் போட்டாச்சு." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "என்னைக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு நீ உண்மையைச் சொன்னியாமே. பைத்தியக்காரி. நான் என்னத்தையாவது உளறி சமாளிச்சிருப்பேனே!"

"ஒரு நாள் நேர்ல பாப்போம்க்கா."

"பாப்போம் பாப்போம்" என்றாள் அக்கா. மறுநாள் பன்னிரண்டரைக்கு இவள் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செய்தி வரவில்லை. பாவம், கூட்டத்தில் இருப்பாள்.

வெள்ளிக்கிழமை பாத்துக்கலாம் சார் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். எழுந்து வந்து அவரே நாற்காலியை இழுத்துப் போட்டார். அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"திட்டம் உங்களோடதுதான். அதுல யாருக்கும் சந்தேகம் இல்ல. ஆனா தலைமைன்னா அலைச்சல். கிடங்கு கிடங்கா ஓடணும். அதனால இப்போதைக்குப் பேருக்கு அந்தத் தம்பி பாக்கட்டும்னு டைரக்டர் சொல்றார். நீங்க பின்னால இருந்து வழிகாட்டுங்க."

தம்பி என்றது முந்திரியை.

"நான் கஷ்டம்னு சொன்னேனா சார்?"

"நீங்க சொல்ல மாட்டீங்க. அதான் நாங்க யோசிக்க வேண்டியிருக்கு."

"நான் ஓடிட்டுதான் இருக்கேன் சார். இத்தனை மாசமா உங்களுக்குத் தெரியவே இல்லையே. வேலையில ஒரு குறை சொல்லுங்க பாப்போம்."

"ஒரு குறையும் இல்லம்மா. தங்கமான வேலை." அவர் குரல் இன்னும் தாழ்ந்தது. "குழந்தை வளரட்டும். அதுக்கப்புறம் பாத்துக்கலாம்."

கெட்டவனாக இருந்தால் சண்டை பிடிக்கலாம். மேஜையைத் தட்டலாம், வழக்குப் போடுவேன் என்று சொல்லலாம். இவர் அவளுக்காக வருத்தப்படுகிறார். இவரோடு எங்கே பிடித்து மல்லுக்கட்டுவது? அவள் எழுந்தாள். எழுந்தபோது பழக்க தோஷத்தில், "தேங்க்ஸ் சார்" என்று வாயில் வந்துவிட்டது. அதற்காக அன்று முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

இரவு போனில் கணவனிடம் சொன்னபோது, "விடு, உனக்கும் கொஞ்சம் ரெஸ்ட் கிடைக்கட்டுமே" என்றான் அவனும். குழந்தை அழுகிறது என்று போனை வைத்தாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

முந்திரி வந்தான், பணிவாகத்தான் வந்தான். அதுவரை 'மேடம்' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன், ஒரே வாரத்தில் 'அக்கா' என்று கூப்பிடத் தொடங்கியிருந்தான். அக்கா என்பது நல்ல சொல். முகம் தெரியாத ஒருத்தியை அவளே அப்படிக் கூப்பிட்டு நெஞ்சாரச் சாய்ந்திருக்கிறாள். ஆனால் மேடத்திடம் வேலையைப் பற்றிக் கேட்பார்கள், அக்காவிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். அவனுக்குத் திட்டத்தை வரிக்கு வரி சொல்லிக் கொடுத்தாள். நடுவில் அவனே மடிக்கணினியை மூடினான். "உங்க டைம் ஆயிடுச்சுக்கா, நீங்க போங்க. மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்."

அதன் பிறகு அமைதி அறையில் நிஜமாகவே அமைதி வந்துவிட்டது. கதவைத் தாழிட வேண்டிய அவசியம்கூட இல்லை. முன்பெல்லாம் அந்த அரை மணி நேரத்துக்குள் போன் துடித்துக்கொண்டே இருக்கும். லாரி கிளம்பவில்லை, சரக்கு வரவில்லை, நீங்கள் எங்கே, எப்போது வருவீர்கள் என்று. கொஞ்ச நேரம் என்னை விட மாட்டீர்களா என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். விட்டுவிட்டார்கள். பால் தாராளமாக வந்தது. காப்பகத்து அம்மாள், "இப்பல்லாம் மிஞ்சுது" என்று சந்தோஷப்பட்டாள். இவளும் சந்தோஷப்பட்டாள், பொய்யில்லை. இரண்டு பாட்டில் நிறையப் பாலை மடியில் வைத்துக்கொண்டு, அந்த மெத்தை நாற்காலியில், யாராவது கூப்பிட மாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒரு நாள் வேண்டுமென்றே எழுந்திருக்காமல் இருந்து பார்த்தாள். ஒரு மணி ஆயிற்று, ஒன்றரை ஆயிற்று. கடைசியில் தானே பொறுக்க முடியாமல் பாட்டில்களை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

பெரிய மீட்டிங் அறைக்குக் கண்ணாடிச் சுவர். உள்ளே அவள் ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். வெள்ளைப் பலகையில் கிடங்குகளை வட்டம் வட்டமாக வரைந்து, முந்திரி கோடு இழுத்துக்கொண்டிருந்தான். யாரோ ஏதோ மறுத்தார்கள், இன்னொருவர் குறுக்கே பேசினார், எல்லோரும் சிரித்தார்கள். நன்றாக நடக்கிற வேலைக்கு ஒரு சத்தம் உண்டு. கண்ணாடிக்கு வெளியே நின்றே அவளுக்கு அது கேட்டது. அவளையறியாமல் கை கதவைத் திறந்தது.

பேச்சு நின்றது. ஒருவர் எழுந்து தன் நாற்காலியை அவளுக்காக நகர்த்தினார். முந்திரி பேனாவை மூடிக்கொண்டு, மிகவும் அக்கறையாகக் கேட்டான்.

"என்னக்கா, ஏதாவது வேணுமா?"

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவளுக்கு வேண்டியதெல்லாம் அந்த அறைக்குள்தான் இருந்தது.

"ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்றாள். அவர்களுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாதே என்று, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.